மயில்துத்தத்துக்குள் ஒரு புரட்டல் இரண்டாகப் பிரிகிறது

முந்திரிகைத் தோட்டக்காரருக்கு மயில்துத்தம் புதிதல்ல. 100 லீற்றர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு என்ற கணக்கில் கரைத்தால் போடோக் கலவை. அதே நீலக் கட்டி உயர்தர இரசாயன ஆய்வுகூடத்தில் நீரேறிய செப்பு சல்பேற்று என்ற பெயரில் போத்தலில் இருக்கும். இந்தப் பொருளின் பளிங்கொன்றை பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள லாவே-லாங்கெவின் நிறுவனத்தில் 0.1 கெல்வின் அளவுக்கு, அதாவது தனிப்பூச்சியத்துக்கு மேலே ஒரு பாகையின் பத்திலொரு பங்குக்குக் குளிரவைத்து, அதற்குள் நியூத்திரன்களைச் செலுத்திப் பார்த்தார்கள். 2013 இல் வெளிவந்த அந்த அளவீடு, 1931 இல் தொடங்கிய ஒரு தாள்கணக்கோடு அப்படியே பொருந்தியது.

இப்படிப்பட்ட விஷயம் செய்தியாகவும் காணொளியாகவும் வரும்போது மூன்று கதைகள் சேர்ந்து வரும். இலத்திரன் இரண்டாக உடைந்துவிட்டது என்பது ஒன்று. அணுக்கள் குட்டிக் காந்தங்களாக ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கின்றன என்பது இன்னொன்று. தனிப்பூச்சிய வெப்பநிலையில் எல்லாம் அசையாமல் உறைந்துவிடும் என்பது மூன்றாவது. மூன்றும் பிழை. எங்கே பிழை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால், ஸ்பின் சங்கிலியும் அதில் எழும் அருட்டலும் தாமாக விளங்கிவிடும்.

## ஸ்பின்: பம்பரத்தை மறந்துவிடலாம்

ஸ்பின் என்பதைத் தமிழில் தற்சுழற்சி என்றும் எழுதுகிறார்கள். பெயரைக் கேட்டதும் பம்பரம்தான் மனதில் வரும். இலத்திரன் உண்மையிலேயே சுற்றும் உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால், அதன் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாக ஓடவேண்டி வரும். ஆகவே அந்தப் படம் சரிவராது. இலத்திரனுக்கு ஏற்றம் எப்படிக் கூடவே பிறந்த குணமோ, அப்படித்தான் ஸ்பினும். அதனால் இலத்திரன் ஒரு மிகச் சிறிய காந்தமாக நடந்துகொள்கிறது.

இதில் விசித்திரம் ஒன்றுதான். எந்தத் திசையில் வைத்து அளந்தாலும் விடை இரண்டில் ஒன்று: மேல் அல்லது கீழ். 1922 இல் ஸ்ரேர்னும் கேர்லாக்கும் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப் புலத்தினூடாக அனுப்பினார்கள். திரையில் பரந்த பட்டை விழவில்லை; இரண்டு கோடுகளாகப் பிரிந்து விழுந்தது. மேல் என்றால் +½, கீழ் என்றால் −½ என்று குறிக்கிறோம். கீழிலிருந்து மேலுக்குப் புரட்டினால் மாற்றம் 1. இந்த 1 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள். பின்னால் அது இரண்டாகப் பிரியப்போகிறது.

மயில்துத்தத்திலுள்ள செப்பு அயனில் வெளி அடுக்கில் 9 இலத்திரன்கள். 8 பேர் சோடி சேர்ந்து ஒருவரை ஒருவர் ஈடுசெய்துவிடுகிறார்கள். சோடியில்லாமல் மிஞ்சுவது ஒன்று. ஆகவே ஒரு செப்பு அயன் என்பது ஒரு ½ ஸ்பின். இப்படிப்பட்ட அயன்கள் பளிங்குக்குள் ஒரே வரிசையில் நின்று, அந்த வரிசைக்குள் மட்டும் ஒன்றையொன்று பாதித்து, அடுத்த வரிசையோடு ஏறக்குறையப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால் அதுதான் ஸ்பின் சங்கிலி. இரும்புச் சங்கிலி போல வெட்டியெடுத்துக் கையில் தூக்க முடியாது. முப்பரிமாணப் பளிங்குதான், ஆனால் காந்தத்தைப் பொறுத்தவரை அது தனித்தனி இழைகளின் கட்டு.

## பக்கத்தவரை எது கட்டுப்படுத்துகிறது?

இரண்டு குட்டிக் காந்தங்கள் அருகருகே இருந்தால் அவை காந்த விசையால் இழுபடத்தானே செய்யும்? செய்யும். ஆனால் அணுக்களுக்கிடையிலான தூரத்தில் அந்த விசைக்குரிய சக்தியை வெப்பநிலையாக மாற்றிப் பார்த்தால் 0.1 கெல்வினைக்கூட எட்டாது. பொற்றாசியம் செப்பு புளோரைட்டு என்ற பொருளில் செப்பு ஸ்பின்களுக்கிடையிலான பிணைப்பு ஏறக்குறைய 390 கெல்வின். ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். ஆகவே வேலை பார்ப்பது காந்த விசை அல்ல.

உண்மையான காரணம் மின் தள்ளுகையும் பௌலியின் விதியும் சேர்ந்தது. ஒரே ஸ்பின் கொண்ட இரண்டு இலத்திரன்கள் ஒரே இடத்தில் இருக்கமுடியாது என்கிறது பௌலி விதி. எதிரெதிர் ஸ்பின்கள் என்றால், ஒருவர் மற்றவரின் இடத்துக்குள் கொஞ்சம் எட்டிப்பார்த்துவிட்டு வரலாம். அந்தச் சலுகையால் சக்தி சற்றுக் குறைகிறது. இடையில் ஒட்சிசனோ புளோரினோ இருந்தால் அந்த எட்டிப்பார்த்தல் அதனூடாக நடக்கும். ஸ்பின்னைப் பொறுத்து வரும் இந்தச் சக்தி வித்தியாசத்துக்குப் பரிமாற்றப் பிணைப்பு என்று பெயர். 1920களின் பிற்பகுதியில் ஹைசன்பேர்க்கும் டிராக்கும் இதைக் கண்டார்கள். அதன் அளவை ஜே என்ற எழுத்தால் குறிப்பது வழக்கம்.

இந்த ஜேதான் முழு விஷயத்துக்கும் அளவுகோல். சக்தி கூடவா குறைவா, வெப்பநிலை சூடா குளிரா என்பதெல்லாம் ஜேயோடு ஒப்பிட்டுத்தான். மயில்துத்தத்தில் ஜே 0.252 மில்லி இலத்திரன்வோல்ற்று, அதாவது சுமார் 2.9 கெல்வின். யாழ்ப்பாணத்து நண்பகல் சுமார் 303 கெல்வின், ஜேயைப் போல நூறு மடங்கு. ஆகவே விவசாய மருந்துக் கடையில் பைக்குள் கிடக்கும் மயில்துத்தத்தில் ஸ்பின்கள் கண்டபடி புரண்டுகொண்டுதான் இருக்கும். சங்கிலியின் சுபாவம் எதுவும் வெளியே தெரியாது. 1 கெல்வினுக்குக் கீழே கொண்டுபோனால்தான் தெரியத் தொடங்கும்.

இதுவரை: சோடியற்ற இலத்திரன் ஒன்று ஒரு ½ ஸ்பின். பரிமாற்றப் பிணைப்பு அயலவரை எதிரெதிராக நிற்கச் சொல்கிறது. அந்தச் சொல்லின் பலம் ஜே.

## எதிரெதிர் என்றால் மேல்-கீழ்-மேல்-கீழா?

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். அயலவர் எதிரெதிராக இருக்க விரும்பினால், ஆகக் குறைந்த சக்தி நிலை ↑↓↑↓↑↓ என்ற நேர்த்தியான ஒழுங்காகத்தானே இருக்கவேண்டும்? நம் கண்ணுக்கு அப்படித்தான் படும். குவாண்டம் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

முதலில் இரண்டே இரண்டு ஸ்பின்களை எடுப்போம். ↑↓ என்று நிறுத்தினால் சக்தி −0.25 ஜே. ஆனால் ↑↓, ↓↑ என்ற இரண்டு நிலைகளையும் எதிர்க்குறியோடு கலந்த ஒரு நிலை இருக்கிறது. அதில் யார் மேல், யார் கீழ் என்று தீர்மானமே இல்லை. எதிரெதிர் என்பது மட்டும் உறுதி. அதன் சக்தி −0.75 ஜே. மும்மடங்கு ஆழம். இந்தக் கலப்புக்கு ஒற்றைச் சோடி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

சங்கிலியில் சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் இரண்டு பக்கமும் அயல்வீடு. இடப்பக்கத்தாரோடு முழுச் சோடி கட்டினால் வலப்பக்கத்தாரோடு உறவு அறுந்துபோகும். இரண்டிரண்டாகச் சோடி கட்டிவிட்டு இடையிலுள்ள பிணைப்புகளைக் கைவிட்டால், பிணைப்பொன்றுக்குச் சராசரி −0.375 ஜே. மேல்-கீழ் ஒழுங்கில் நிறுத்தினால் −0.25 ஜே. உண்மையான விடை இரண்டையும்விடக் கீழே, −0.443 ஜே. ஹான்ஸ் பெத்தே 1931 இல் கண்ட வழியைப் பின்பற்றி ஹுல்தேன் 1938 இல் இந்த எண்ணைப் பெற்றார். கால்பங்கிலிருந்து 2 இன் இயற்கை மடக்கையைக் கழித்தால் வருவது அதுதான். கணிப்பானில் தட்டிப் பார்க்கலாம்.

அந்த ஆகக் குறைந்த சக்தி நிலைக்குத் தரைநிலை என்று பெயர். தரைநிலையில் எல்லா ஸ்பின்னும் இரண்டு பக்கத்தாரோடும் ஓயாமல் சோடி மாற்றிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் பெரிதாகப் பிழையில்லை. எதிரெதிர் ஒழுங்கு அருகில் பலமாகத் தெரியும், தூரம் போகப் போக மங்கிக்கொண்டே போகும். தனிப்பூச்சியத்திலும் அது உறைவதில்லை. மூன்றாவது கதை இதோடு முடிந்தது.

## கிடுகுப் பின்னலும் இரண்டு பிழைகளும்

அருட்டல் என்றால், தரைநிலைக்கு மேலே கொஞ்சம் சக்தி கொடுத்தால் வரும் நிலை. உயர்தர இரசாயனத்தில் அணுவின் அருட்டிய நிலை பற்றிப் படித்தவர்களுக்குச் சொல் பழக்கமானது. ஆனால் அங்கே அருட்டப்படுவது ஒரு அணு. இங்கே அருட்டப்படுவது வரிசை முழுவதும். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் மிச்சம் எதுவும் விளங்காது.

கிடுகு பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓலை ஒன்று மேலே போனால் அடுத்தது கீழே, அதற்கடுத்தது மேலே. எங்கேயாவது கைதவறி மேல்-மேல் என்று இரண்டு அடுத்தடுத்து விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் பின்னல் முழுவதும் சரியாகவே இருக்கும், ஆனால் ஒரு இடம் தள்ளிப்போயிருக்கும். பிழை என்பது ஒரு ஓலையில் இல்லை. இரண்டு ஓலைகளுக்கு நடுவில் இருக்கிறது.

இப்போது சங்கிலிக்கு வருவோம். விளக்கத்துக்காக மேல்-கீழ் ஒழுங்கிலேயே தொடங்குகிறேன்:

↑ ↓ ↑ ↓ ↑ ↓ ↑ ↓

நாலாவதைப் புரட்டுங்கள்:

↑ ↓ ↑ ↑ ↑ ↓ ↑ ↓

ஒரு புரட்டல், ஆனால் பிழை இரண்டு. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் ஒன்று, நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் ஒன்று. பரிமாற்றப் பிணைப்பு எதிரெதிராக நிற்கும் அயலவரை இடம்மாற்றும் வல்லமை உள்ளது. அது ஐந்தையும் ஆறையும் இடம்மாற்றட்டும்:

↑ ↓ ↑ ↑ ↓ ↑ ↑ ↓

இடப்பக்கப் பிழை இருந்த இடத்திலேயே இருக்கிறது. வலப்பக்கப் பிழை இரண்டு இடம் தள்ளி, ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் வந்துவிட்டது. நடுவில் உள்ள பகுதியைப் பாருங்கள்: நாலு, ஐந்து, ஆறு என்று மேல்-கீழ்-மேல், குறையே இல்லை. பிழைகளின் எண்ணிக்கை கூடவில்லை. ஆகவே இரண்டும் எவ்வளவு தூரம் விலகினாலும் கூடுதல் செலவு கிடையாது. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே என்று தம்பாட்டில் ஓடலாம். ஓடும் இந்தப் பிழைக்குத்தான் ஸ்பினோன் என்று பெயர்.

நாலாவதைப் புரட்டியபோது ஏற்பட்ட மாற்றம் 1. பிழைகள் இரண்டும் ஒரே மாதிரியானவை. பங்கு பிரித்தால் ஆளுக்கு ½.

பாதி என்று சொல்வதில் ஒரு குழப்பம் வரும். அதை இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. எந்த இலத்திரனும் உடையவில்லை. ஒவ்வொரு செப்பு அயனும் தன் ½ ஸ்பின்னை முழுதாக வைத்துக்கொண்டு தன் இடத்திலேயே நிற்கிறது. வெளியிலிருந்து கொடுக்கக்கூடிய மாற்றத்தின் ஆகச் சிறிய அளவு 1; அந்த 1 தான் இரண்டு பாதியாக வரிசைக்குள் பிரிந்து ஓடுகிறது. ஸ்பினோனுக்கு மின்னேற்றம் இல்லை. பொருள் மின்கடத்தாப் பொருளாகவே இருக்கிறது.

இந்தப் பாதியைத் துறைக்காரர்களே நீண்டகாலம் தவறவிட்டார்கள் என்பது கொஞ்சம் ஆறுதலான செய்தி. 1962 இல் தெ குளுவாசோவும் பியர்சனும் அருட்டலின் ஆகக் குறைந்த சக்திக்குச் சரியான சூத்திரத்தைப் பெற்றார்கள். ஆனால் அதை ஸ்பின் 1 கொண்ட ஒற்றை அலையின் சக்தியாகத்தான் எல்லோரும் வாசித்தார்கள். அவை ½ ஸ்பின் கொண்டவை, சோடியாகத்தான் பிறக்கும் என்று ஃபதேயெவும் தக்தாஜனும் காட்டியது 1981 இல். சரியான சூத்திரம் 19 வருடம் பிழையான பெயரோடு கிடந்தது.

வரிசையாக இல்லாமல் பாய் போலப் பரந்த தளமாக இருந்தால் இந்தப் பிரிவு இவ்வளவு எளிதாக நடக்காது. நடுவில் திரும்பிப்போன பகுதி மேல் வரிசையோடும் கீழ் வரிசையோடும் முட்டும். பிழைகள் விலக விலகச் செலவு ஏறும். கடைசியில் இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டுவிடும்.

இதுவரை: ஒரு புரட்டல் இரண்டு பிழைகளாகப் பிறக்கிறது. ஒற்றை வரிசையில் அவை செலவில்லாமல் விலகுகின்றன. ஒவ்வொன்றும் ½ ஸ்பின் கொண்ட ஸ்பினோன்.

## இரண்டு மீற்றர், ஒரு பில்

இரண்டு ஓடுகின்றன என்பதை யார் பார்த்தது? நேரே பார்க்க முடியாது. நியூத்திரன் என்ன கொடுத்தது என்பதைத்தான் அளக்க முடியும். நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை, ஆனால் தனக்கென்று ஒரு ½ ஸ்பின் இருக்கிறது. பளிங்குக்குள் போய் அது தன் ஸ்பின்னைப் புரட்டினால், சங்கிலிக்கு 1 கிடைக்கும். வெளியே வரும்போது எவ்வளவு சக்தி குறைந்திருக்கிறது, எவ்வளவு உந்தம் மாறியிருக்கிறது என்று பார்க்கலாம். உந்தம் என்பதை இங்கே அருட்டலின் அலை எவ்வளவு நெருக்கமாக மடிந்திருக்கிறது என்பதன் அளவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அருட்டல் ஒற்றைப் பொருளாக இருந்தால், இவ்வளவு உந்தத்துக்கு இவ்வளவு சக்தி என்று ஒரே விடைதான் வரும். வரைபடத்தில் மெல்லிய கோடு. இரண்டு பொருள் சேர்ந்து பங்குபோட்டால் கதை வேறு.

மின்சாரப் பில்லை நினைத்துப் பாருங்கள். அலகு கூடக் கூட விலையின் வீதமும் மாறும். ஒரு வளவில் ஒரே மீற்றரில் 120 அலகு ஓடினால் பில் ஒரே தொகை. அதே 120 அலகு இரண்டு மீற்றர்களில் ஓடினால்? 60க்கு 60 என்றால் ஒரு தொகை. 100க்கு 20 என்றால் வேறு தொகை. மொத்த அலகு மட்டும் தெரிந்த ஒருவருக்குப் பில் ஒரு குறிப்பிட்ட கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். மொத்த அலகுதான் மொத்த உந்தம், பில்தான் சக்தி.

ஸ்பினோன் ஒன்றின் கட்டண விதி இது: உந்தத்தின் சைன் பெறுமானத்தை எடுத்து, ஜேயால் பெருக்கி, 1.571 ஆல் பெருக்க வேண்டும். 1.571 என்பது பையின் பாதி. புரட்டலை ஒற்றை அலையாக எடுக்கும் சாதாரண ஸ்பின் அலைக் கணக்குப் போட்டால் அந்தப் பெருக்கம் 1 ஆக வரும். ஏறக்குறைய முப்பத்தாறு வீதம் குறைவு. இரண்டு ஸ்பினோன்களுக்கிடையில் மொத்த உந்தத்தை எப்படிப் பங்கிட்டாலும் விடை இரண்டு வளைகோடுகளுக்கிடையில் விழும். ஒன்றே முழு உந்தத்தையும் எடுத்துக்கொண்டு மற்றது சும்மா இருந்தால் கீழ் வளைகோடு. சரிபாதி பிரித்தால் மேல் வளைகோடு. வீட்டு மின்சாரத்தில் சரிபாதி பிரித்தால்தான் பில் குறையும், இங்கே அது தலைகீழ்.

மயில்துத்தத்துக்கு எண்களைப் போட்டால், கீழ் வளைகோட்டின் உச்சம் சுமார் 0.40 மில்லி இலத்திரன்வோல்ற்று. மேல் வளைகோட்டின் உச்சம் சுமார் 0.79. நியூத்திரன்கள் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பு முழுவதையும் நிரப்பவேண்டும். கீழ் விளிம்பில் அடர்த்தியாக, மேலே போகப் போக ஐதாக. நியூத்திரன் சில வேளை நாலு ஸ்பினோன்களையும் ஒரேயடியாக எழுப்பும். கணக்கின்படி மொத்தப் பலத்தில் 73 வீதம் இரட்டையருக்கு. மிச்சத்தில் கிட்டத்தட்ட எல்லாம் நால்வருக்கு.

## குறைந்த சக்தி என்பது எவ்வளவு குறைவு?

ஆகக் குறைந்த அருட்டலுக்கு எவ்வளவு வேண்டும்? ½ ஸ்பின் சங்கிலியில் விடை: எவ்வளவு சிறியதென்றாலும் போதும். உந்தம் பூச்சியத்தை நெருங்கும்போதும், அயலவர் முழுக்க எதிரெதிராக மடியும் உந்தத்தை நெருங்கும்போதும் சைன் பூச்சியமாகிவிடுகிறது. போதிய நீளமான அலையாக எழுப்பினால் செலவு ஏறக்குறைய இல்லை. இதைத்தான் சக்தி இடைவெளி இல்லாத சங்கிலி என்பார்கள்.

பூச்சியத்துக்குக் கிட்ட சைன் வளைகோடு நேர்கோடாகிவிடும். உந்தம் இரட்டித்தால் சக்தியும் இரட்டிக்கும், ஒலி அலை போல. நேர்கோடு என்றால் எல்லா நீண்ட அலைக்கும் ஒரே வேகம். மயில்துத்தத்தில் அந்த வேகம் செக்கனுக்குச் சில நூறு மீற்றர், காற்றில் ஒலி போகும் வேகத்தின் அளவில். பொற்றாசியம் செப்பு புளோரைட்டில் செக்கனுக்குச் சுமார் 30 கிலோமீற்றர், அதாவது யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஏறக்குறைய ஒரு செக்கன்.

நியூத்திரன் இல்லாமலும் இதன் அடையாளத்தைப் பிடிக்கலாம். வெப்பக் கொள்ளளவில் ஸ்பினோன்களின் பங்கு வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் ஏறும். உலோகத்தில் ஓடும் இலத்திரன்கள்தான் வழக்கமாக இப்படி நடந்துகொள்ளும். மின்னே கடத்தாத பளிங்கில் அதைக் காண்பது விசித்திரம். இன்னொன்று காந்த ஏற்புத்திறன், அதாவது சிறு காந்தப் புலத்துக்குப் பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பது. வெப்பநிலை இறங்கும்போது அது ஏறி, 0.641 ஜே என்ற இடத்தில் அகன்ற மேடாகி, பிறகு இறங்கும். 1964 இல் பொனரும் ஃபிஷரும் போட்ட கணக்கு இது. மேடு எங்கே என்று பார்த்தாலே ஜே கிடைத்துவிடும். மேட்டுக்குக் கீழே ஏற்புத்திறன் பூச்சியத்துக்கு இறங்காமல் ஒரு பெறுமானத்தில் நிற்கவேண்டும். பூச்சியத்துக்குச் சரிந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம்.

## ஸ்பின் 1 என்றால் கதை மாறும்

செப்புக்குப் பதிலாக நிக்கல் அயனை வைத்தால் ஒவ்வொரு இடத்திலும் ஸ்பின் 1. பெரிய வித்தியாசம் இராது என்றுதான் நினைத்தார்கள். முழுவெண் ஸ்பின் சங்கிலிகளுக்குச் சக்தி இடைவெளி உண்டு, அரைவெண் சங்கிலிகளுக்கு இல்லை என்று டங்கன் ஹோல்டேன் 1980களின் தொடக்கத்தில் சொன்னபோது பலர் நம்பவில்லை. ஸ்பின் 1 சங்கிலியில் அந்த இடைவெளி 0.41 ஜே. 1986 இல் சீசியம் நிக்கல் குளோரைட்டில் நியூத்திரன் அளவீடு அதற்குச் சாட்சி சொன்னது. 2016 இன் பௌதிகவியல் நோபல் பரிசில் ஹோல்டேனுக்குப் பங்கு கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் என்பதற்கு எளிய படம் ஒன்று உண்டு. ஸ்பின் 1 ஐ இரண்டு ½ களாக எண்ணுங்கள், ஆளுக்கு இரண்டு கை போல. இடக்கை இடப்பக்கத்தாரோடு ஒற்றைச் சோடி, வலக்கை வலப்பக்கத்தாரோடு ஒற்றைச் சோடி. யாருக்கும் தட்டுப்பாடு இல்லை. இரண்டு அயலுக்கும் கை போதும். இந்த நிம்மதியைக் குலைக்க ஒரு பிடியை உண்மையாகவே அறுக்கவேண்டும், அதற்கு ஒரு குறைந்தபட்ச விலை உண்டு. ½ சங்கிலியில் எல்லோருக்கும் ஒரு கைதான். அதனால்தான் அங்கே அமைதி இல்லை, இடைவெளியும் இல்லை.

## அளவீட்டில் எங்கே பிழைக்கும்

சரியான பொருள் கிடைப்பதே பாதி வேலை. மயில்துத்தப் பளிங்கு பாடசாலையிலேயே வளர்க்கலாம்: 20 பாகை செல்சியசில் 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 32 கிராம் அளவில் கரையும், சூடாக்கி 50 கிராம் கரைத்து மெதுவாக ஆறவிட்டால் மிச்சம் பளிங்காக இறங்கும். நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவதால் அதில் கரைத்தால் நீலப்பச்சையாகக் கலங்கும். காய்ச்சி வடித்த நீர் வேண்டும். அலுமினியச் சட்டியில் கரைத்தால் செப்பு சட்டியில் படியும். நஞ்சு என்பதால் சமையல் பாத்திரம் எதையும் எடுக்கக்கூடாது. ஆனால் இப்படி வளர்த்த பளிங்கு நியூத்திரன் வேலைக்கு உதவாது. சாதாரண ஐதரசன் நியூத்திரன்களை எல்லாத் திசையிலும் சிதறடித்து, தேடும் அடையாளத்தை மூடிவிடும். அதற்காகவே பாரநீரில், அதாவது சாதாரண ஐதரசனுக்குப் பதிலாக அதன் பாரமான வடிவம் உள்ள நீரில், வளர்த்த பளிங்கை எடுக்கிறார்கள்.

மயில்துத்தத்தில் இன்னொரு தொல்லை. செப்பு அயன்களில் பாதிதான் சங்கிலியில் நிற்கின்றன. மற்றப் பாதி ஏறக்குறையத் தனித்தனி ஆட்கள். மொத்தக் காந்தத்தன்மையை அளந்தால் இந்தத் தனியாட்கள் சங்கிலியின் குரலை அமுக்கிவிடுவார்கள்.

அழுக்கும் ஏமாற்றும். சங்கிலியின் நடுவில் ஓர் அயன் மாறிவிட்டால் சங்கிலி துண்டாகிறது. ஒற்றையெண் நீளமுள்ள துண்டில் ஒரு ½ ஸ்பின் சோடியில்லாமல் மிஞ்சும். குளிரக் குளிர காந்த ஏற்புத்திறன் கீழே இறங்காமல் திடீரென மேலே சீறினால், புதிய பௌதிகவியல் என்று துள்ளமுதல் துண்டுகளைச் சந்தேகிக்கவேண்டும்.

சங்கிலிகளுக்கிடையிலான பேச்சும் முற்றாக இல்லாமல் போகாது. பொற்றாசியம் செப்பு புளோரைட்டில் ஜே 390 கெல்வின் என்றாலும், 39 கெல்வினில் அயல் சங்கிலிகள் கைகோத்து முப்பரிமாண ஒழுங்கு வந்துவிடும். அதற்குக் கீழே, ஆகக் குறைந்த சக்திகளில், ஸ்பினோன்கள் கட்டுண்டு சாதாரண ஸ்பின் அலையாகத் தெரியும். சற்று உயர்ந்த சக்தியில் பார்த்தால் மீண்டும் பிரிந்த பரப்பு. ஸ்ரொன்சியம் செப்பு ஒட்சைட்டு ஒன்றில் ஜே 2000 கெல்வினைத் தாண்டும், ஒழுங்கு வருவதோ 5 கெல்வின் அளவில். சங்கிலி என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான பொருள் அரிது.

எல்லாவற்றிலும் பெரிய வழுக்கல் இதுதான்: கோட்டுக்குப் பதிலாகப் பரப்புத் தெரிந்தாலே ஸ்பினோன் என்று சொல்லிவிடுவது. பளிங்கு ஒழுங்கில்லாமல் இருந்தாலும் கோடு பரவும். கருவியின் துல்லியம் போதாவிட்டாலும் பரவும். வெப்பம் கூடினாலும் பரவும். அதனால்தான் 2013 அளவீட்டில் காந்தப் புலத்தைக் கொண்டுவந்தார்கள். 5 டெஸ்லா புலத்தில் சங்கிலியின் ஸ்பின்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும்: ↑↑↑↑↑↑. இப்போது ஒன்றைப் புரட்டினால் ↑↑↓↑↑↑. இருப்பது ஒரே ஒரு ↓; அயலவரை இடம்மாற்றினாலும் அந்த ஒன்றுதான் நகரும், இரண்டாகப் பிரிய வழியே இல்லை. இப்படி முழுதாக ஓடும் புரட்டலுக்கு மக்னோன் என்று பெயர்; பிளொக் 1930 இல் சொன்ன ஸ்பின் அலை இது. அதே பளிங்கு, அதே கருவி, 5 டெஸ்லாவில் மெல்லிய ஒற்றைக் கோடு வந்தது. பளிங்கும் கருவியும் சரி என்பதற்கு அது சான்று. அந்தக் கோட்டின் வளைவிலிருந்துதான் ஜே 0.252 என்று எடுத்தார்கள். பிறகு புலத்தை நிறுத்தினார்கள். கோடு மறைந்து, இரண்டு வளைகோடுகளுக்கும் நடுவில் பரப்பு நிரம்பியது. விளிம்புகள் எங்கே வரவேண்டும் என்பதை 5 டெஸ்லாவில் எடுத்த எண்ணே ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தது. பொருத்திப் பார்ப்பதற்கென்று திருகுவதற்கு வேறு எந்த எண்ணும் மிச்சம் இருக்கவில்லை.